கொடி சுற்றிப் பிறந்தவர்கள்

கோபாவின் கையில் தூங்காத குழந்தை கிடையாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. ஒரு குழந்தை தூங்கவில்லை. நான்கு தடவை மலை தாண்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான்காம் தடவைதான் கண்ணை மூடியது. அது வேறு யாருடைய குழந்தையும் இல்லை, கோபாவின் தங்கை மகள் லேனி பெற்றது.

உறவைச் சொல்லிவிட்டால் மற்றது விளங்கும். கோபா என் தம்பி ஹென்ட்ரிக்கின் மனைவி. பிறந்த வீட்டுப் பெயர் பெப்ருவாரி. எங்கள் பக்கத்தில் ஏப்ரல், செப்டம்பர், பெப்ருவாரி என்று மாதங்களே குடும்பப் பெயராக இருக்கும். கப்பலில் வந்து இறங்கிய அடிமையை எந்த மாதத்தில் வாங்கினானோ அந்த மாதத்தையே எஜமான் பெயராக எழுதிவைத்தான். கோபாவின் அப்பா பீட் பெப்ருவாரி வால்கிரான்ஸ் பண்ணையில் திராட்சை கவாத்து செய்வதில் கெட்டிக்காரர். அவருக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் கோபா, இளையவள் மீட்டி. அறுவடைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன லாரி கவிழ்ந்து மீட்டி போய்ச் சேர்ந்தாள். அப்போது அவள் மகள் லேனிக்குப் பதினொரு வயது. அதன் பிறகு லேனிக்கு முடி பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்துக்குத் துரத்தியதும், சர்ச்சில் திடப்படுத்தல் சடங்குக்கு வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டதும் கோபாதான். பெரியம்மா என்று கூப்பிட்டாலும் அம்மா என்றுதான் அர்த்தம்.

கோபா பெற்றது ஒரே மகன், சாக்கி. முப்பத்தொரு வயது. நல்ல உயரம், நல்ல முகம், பாட ஆரம்பித்தால் சர்ச்சில் பின்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். ஆனால் ரொட்டியும் பாலும் வாங்கிவர அனுப்பினால் ரொட்டியோடு வருவான். பாலுக்குத் திருப்பி அனுப்பினால் இன்னொரு ரொட்டியோடு வருவான். எந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கம்பளித் துண்டு இருக்கும். ஏன் என்று யாராவது கேட்டால் போதும், நின்று நிதானமாகச் சொல்வான்.

"நான் கொடி சுத்திப் பொறந்தவன். மூணு சுத்து. நீலமா இருந்தேனாம். அதனால கழுத்துக்குக் காத்து ஆகாது."

மற்றதெல்லாம் மறந்துபோகும் அவனுக்கு, இது மட்டும் ஒரு சொல் பிசகாது.

எங்கள் சொந்தத்தில் கொடி சுற்றிப் பிறந்தவர்கள் ஏழு பேர். என் சித்தப்பா மகள் சோஃபி, அவளுடைய அண்ணன் பிள்ளைகள் இருவர், பீட் பெப்ருவாரியின் கடைசித் தம்பி, இப்படி விரல் விட்டு என்னால் சொல்ல முடியும். ஏழு பேருக்கும் படிப்பு ஏறவில்லை, ஏழு பேருக்கும் வழி தெரியாது, ஏழு பேரும் சின்ன விஷயத்துக்குக் கொதித்துப்போய் அடுத்த நிமிடம் சிரிப்பார்கள். பண்ணை மருத்துவச்சிதான் முதலில் அந்தக் காரணத்தைச் சொன்னாள் என்று ஞாபகம். இரக்கத்தில் சொல்லியிருப்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கேட்டால் எல்லோரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நகரத்துப் பெரிய மருத்துவமனையிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். வயிற்றில் இருக்கும்போது அம்மா குடித்திருந்தால், இல்லை டிக் என்கிற போதைத்தூள் புகைத்திருந்தால், பிள்ளையின் மூளை எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு எதையும் தொடாத அம்மாக்களின் பிள்ளைகளும் வேண்டும், பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு. இரண்டு வரிசை. பிறந்து ஆறு ஏழு வாரத்துக்குள் குழந்தையை மலைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், அந்தப் பெரிய குழாய் மெஷினுக்குள் படுக்க வைத்துப் படம் எடுப்பார்கள். தூங்க மருந்து கொடுக்கக் கூடாது. குழந்தை தானாகத் தூங்க வேண்டும். நாற்பது நிமிடம் அசையக் கூடாது. மெஷினோ பாறை உடைக்கிற மாதிரி சத்தம் போடும்.

முதல் வருஷம் பாதிக் குழந்தைகள் அலறி எழுந்து படம் கெட்டுப்போனதாம். அப்புறம் யாரோ சொல்லி, பண்ணைக் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்த கோபாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து அந்த மெஷினின் சத்தத்தைக் கேட்டாள். மூன்றாம் நாள் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுக்கச் சொல்லி, துணியில் இறுக்கிச் சுற்றி, காதுக்கு மெழுகு வைத்து, மேலே மெத்தென்ற மூடி போட்டு, மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே அந்த மெஷின் மாதிரியே தொண்டைக்குள் உறும ஆரம்பித்தாள். ட்ர்ர், ட்ர்ர், டக் டக் டக். நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குழந்தை அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போனது. மெஷின் ஓடத் தொடங்கியபோது அதற்குச் சத்தம் மாறவே இல்லை. குழந்தை முழிப்பது சத்தத்தால் அல்ல, சத்தம் மாறுவதால் என்பது கோபாவின் கணக்கு. பிறகு வாரம் இரண்டு நாள் மினிபஸ்ஸில் அவள்தான் அம்மாக்களோடு போனாள். கொண்டை ஊசி, சர்ச் மாதர் சங்கப் பொத்தான் எல்லாவற்றையும், அந்த அறைக்குள் உலோகம் ஆகாது என்று கழற்றி வைத்துவிட்டு, குழந்தையின் பாதத்தில் ஒரு கை வைத்தபடி மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நூறு குழந்தைகளுக்கு மேல் அப்படித் தூங்க வைத்திருக்கிறாள்.

தூக்கியவுடன் அவளுக்குச் சில விஷயம் தெரிந்துவிடும். சில குழந்தைகள் கையில் வைத்தால் மாவு மாதிரி இழையும். சில குழந்தைகள் வில்லாக வளையும், தாடை நடுங்கும், பாலை நாலு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுக் களைத்துப்போகும், அழுகை ஊசி மாதிரி இருக்கும். "மெஷினுக்கு நாப்பது நிமிஷம் ஆகுது, எனக்கு ஒரு நிமிஷம் போதும்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஆனா எனக்கும் தப்பிருக்கு. ஒரு துளி தொடாதவ பிள்ளையும் அப்படி வளைஞ்சிருக்கு" என்றாள். அங்கே பார்த்தது கேட்டது எதையும் வெளியே பேசுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். யார் பிள்ளை வளைந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்த மெஷினுக்கு ஒயின் தெரியும், குடித்தவள் பிள்ளையின் தலையில் கறுப்பாகத் தேங்கி நிற்கும் என்று. டாக்டர் ஸ்டெய்ன் என்கிற அம்மாள் எத்தனையோ தடவை விளக்கியும் அந்தப் பேச்சு ஓயவில்லை. ஒற்றைப் படத்தைப் பார்த்து யார் குடித்தாள் என்று சொல்ல முடியாது. ஒரு வரிசையில் நூறு படம், மறு வரிசையில் நூறு படம், இரண்டையும் சேர்த்து அளந்தால்தான் எந்த இடம் கொஞ்சம் சிறுத்திருக்கிறது என்று தெரியும். கோபாவுக்கு அது புரியும். ஊருக்குப் புரியவில்லை.

லேனி வாழ்க்கைப்பட்டது ஏப்ரல் குடும்பத்தில். மாமனார் ஆபிரகாம் ஏப்ரல் சர்ச் மூப்பர். மலிவு ஒயினை அடைத்து விற்கிற வெள்ளித்தாள் பைக்கு அவர் வீட்டில் இடமில்லை. ஆனால் லேனியும் அவள் புருஷன் டியோனும் இருந்தது பண்ணை வீட்டில், அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வெள்ளித்தாள் பை வராத வீடு எது? பை காலியானதும் பிள்ளைகள் ஊதித் தலையணையாக வைத்துக்கொள்வார்கள். அறுவடை முடிந்த விருந்தில் லேனி ஐந்து மாத வயிற்றோடு ஜாம் பாட்டிலில் ஒயின் வாங்கிக் குடித்ததைக் கோபா கண்ணால் பார்த்தாள். நானும் பார்த்தேன். அது ஒரு நாள் கதை இல்லை என்பதும் இருவருக்கும் தெரியும்.

ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு தப்புக் கணக்குப் போட்டிருந்தார்கள். வெளியூர்க்காரி கேட்டால் பெண்கள் கூச்சப்படுவார்கள், உள்ளூர்க்காரி கேட்டால் மனம் திறப்பார்கள் என்று நினைத்து, கேள்வித்தாள் நிரப்ப எங்கள் ஊர்ப் பெண்களையே வைத்திருந்தார்கள். லேனியிடம் கேட்க வந்தவள் ரோசெல். மூப்பரின் சொந்தத் தங்கை மகள். ஞாயிற்றுக்கிழமை லேனிக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள்.

அன்று நடந்ததை லேனியே பின்னால் சொன்னாள்.

"குடிச்சியான்னு கேக்கணும்டி. கேக்கறேன். குடிச்சியா?"

"நான் யார் வீட்டு மருமகள்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும், அதான் கேக்கவே வாய் வரல. இல்லைன்னு போட்டுடட்டுமா?"

"போடு."

"வாரத்துக்கு எத்தனைன்னு அடுத்த கேள்வி. அதுக்கும் கோடு போட்டுடறேன். டீ இருக்கா?"

இப்படித்தான் லேனியின் குழந்தை ஷெவோன் தொடாதவர்களின் வரிசையில் போய்ச் சேர்ந்தது.

பிறந்து மூன்றாம் வாரம் மினிபஸ்ஸில் ஏறியபோது லேனியின் முகத்தில் ஈயாடவில்லை. பயந்தால் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் வரமாட்டேன் என்றால் ஏன் என்று மாமியார் கேட்பாள். மலை ஏறும்போது மெதுவாகக் கேட்டாள்.

"பெரியம்மா, அந்த மெஷின் எல்லாத்தையும் காட்டிடுமா?"

"எதை?"

"எதையும்தான்."

"ஒத்தப் படம் ஒண்ணும் சொல்லாது லேனி. வாயாலதான் சொல்லணும்."

லேனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குழந்தையைக் கையில் வாங்கியதும் அது வில்லாக வளைந்தது. கோபா உறுமினாள், ஆட்டினாள், நடந்தாள். தூங்கி, மெஷின் மேடையில் வைத்ததும் விழித்துக்கொண்டது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் தடவை கோபாவுக்கே தொண்டை கட்டிவிட்டது. "என்ன ஆன்ட்டி, உங்க கிட்டயே வேலையக் காட்டுறா?" என்று டாக்டர் சிரித்தார். நான்காம் தடவை, ஆகஸ்டு கடைசியில், நாற்பது நிமிடமும் தூங்கியது. கோபா பாதத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை.

படத்தைப் பார்த்த டாக்டர், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறை எதுவும் இல்லை என்றார். வழக்கம்போல ஒரு படத்தை அட்டைச் சட்டத்தில் போட்டுப் பரிசாகக் கொடுத்தார்கள். பிளந்த வால்நட் பருப்பு மாதிரி, கறுப்பும் வெள்ளையுமாக.

அங்கேதான் எல்லாம் திரும்பியது. லேனி அந்தப் படத்தைக் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். கறுப்பாகத் தேங்கி நிற்கும் என்று பயந்த ஒயின் எங்கேயும் காணோம். மெஷினே சொல்லிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். "டியோனுக்கும் ஒண்ணு எடுக்கச் சொல்லுடி, உள்ள ஏதாவது இருக்கான்னு பாத்துக்கலாம்" என்று ஒருத்தி சொல்ல, டியோன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மூப்பர் மகன் வீட்டுக்கு வந்தால், அங்கே இருக்கிறவர்களை எல்லாம் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். பொய் சொன்னதை லேனியே மறந்துபோனாள் என்று நினைக்கிறேன்.

ஷெவோன் ஆறு மாதத்தில் கழுத்தைப் பிடித்து நிறுத்தத் தடுமாறியது. கதவு சாத்தினால் தூக்கிவாரிப் போட்டு அழும். முகத்தைப் பார்த்தால் பார்வையை நழுவ விடும். எட்டு மாதம் ஆகியும் உட்காரவில்லை. எங்கள் ஊர் க்ளினிக்கில் புதன்கிழமை தோறும் ஒரு வகுப்பு நடக்கும். வயிற்றில் ஒயின் பட்ட குழந்தைகளை உருட்டி, தவழ வைத்து, அம்மாவுக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். சின்ன வயதில் ஆரம்பித்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்வார். ஆராய்ச்சியில் குடித்தேன் என்று எழுதிய அம்மாக்களைத்தான் அதற்குக் கூப்பிடுவார்கள். லேனிக்கு அழைப்பு வராது. கோபா நேராகவே கேட்டுப் பார்த்தாள்.

"புதன்கிழமை ஒரு தடவை கூட்டிட்டுப் போவோமா? நானும் வரேன்."

"அது குடிகாரிங்க பிள்ளைங்க போற எடம் பெரியம்மா."

"பிள்ளைங்க போற எடம்டி."

"என் பொண்ணு தலை சுத்தமா இருக்குன்னு செவுத்துல மாட்டியிருக்கேன். உங்க கண்ணுக்குத் தெரியலயா?"

"நான்தான் தூங்க வெச்சேன் அந்தப் படத்துக்கு. அது என்ன சொல்லும், என்ன சொல்லாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ நீங்களே போய்ச் சொல்லுங்க டாக்டர் கிட்ட. போங்க."

கோபா எழுந்து வந்துவிட்டாள். டாக்டரிடம் சொன்னால் கையெழுத்தை மீறியதாகும், லேனி அவள் முகத்தில் விழிக்கவும் மாட்டாள். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தைக்கு வகுப்பு இல்லை. அன்று எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "எட்டாவது, அண்ணா. இது எட்டாவது" என்றாள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் மூப்பர் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. மஞ்சள் போட்டு ஊறவைத்த மீன், சிலுவை போட்ட இனிப்பு பன். ரோசெலும் வந்திருந்தாள். ஷெவோனைத் தலையணைகளுக்கு நடுவில் சாய்த்து வைத்திருந்தார்கள். அது மெல்லச் சரிந்து விழுந்தது. தூக்கி வைத்தார்கள், மறுபடி சரிந்தது.

"இவ அப்பனும் லேட்டாத்தான் உக்காந்தான்" என்றாள் மாமியார்.

"படம் சுத்தமா வந்திருக்கு. சந்தேகப்பட்ட வாய்க்கெல்லாம் மெஷினே பூட்டுப் போட்டிருச்சு" என்றார் மூப்பர்.

ரோசெல் மீனில் முள் எடுத்துக்கொண்டே, "பொறக்கும்போது கொடி ஏதாவது சுத்தியிருக்குமோ?" என்றாள். சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டாள்.

லேனி அதைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா. இப்போதான் ஞாபகம் வருது. ஒரு சுத்து இருந்துச்சுன்னு நர்ஸ் சொன்னா."

"அதானே" என்றாள் மாமியார். மேஜையைச் சுற்றி எல்லோருக்கும் மூச்சு லேசானது. கோபா அடுப்படியில் சொன்ன எட்டாவது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எல்லோரையும்விட சந்தோஷப்பட்டவன் சாக்கி. அவனைப் போல இன்னொரு ஆள் கிடைத்துவிட்டது. எழுந்து வந்து கழுத்திலிருந்து பச்சைத் துண்டைக் கழற்றினான்.

"அப்போ இவளுக்கும் துண்டு வேணும். கழுத்துக்குக் காத்து ஆகாது."

குனிந்து, மிகவும் மெதுவாக, அந்தப் பெரிய துண்டைக் குழந்தையின் கழுத்தில் சுற்ற ஆரம்பித்தான். ஒரு சுற்று சுற்றினான்.

"எடுடா அதை" என்றாள் கோபா.

"இவளுக்கு ஒரு சுத்துதாம்மா. எனக்கு மூணு."

"எடு சாக்கி. அவளுக்குக் கொடி சுத்தல. உனக்கும் சுத்தல."

அவன் துண்டைப் பிடித்தபடியே நின்றான். லேனி தட்டை நகர்த்தினாள். "பெரியம்மா, சாப்பிடற நேரத்துல இதெல்லாம் எதுக்கு."

"உன்னைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசல. பேச மாட்டேன். என்னைப் பத்திப் பேசறேன்." கோபா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, மகனைப் பார்த்துத்தான் சொன்னாள். "உன்னை வயித்துல வெச்சுக்கிட்டு நான் குடிச்சேன்ப்பா. பண்ணையில ஒரு நாளைக்கு அஞ்சு கோப்பை. வெள்ளி சனி தனி. நாள் நெருங்கற வரைக்கும். குடிச்சதும் நீ ஒதைக்கறது நின்னுபோகும். எனக்குத் தெரியாதுன்னு சொன்னா பொய். ஏதோ ஆகுதுன்னு தெரியும். தூங்கறான்னு சொல்லிக்கிட்டேன்."

மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ மூணு சுத்து?" என்றான் சாக்கி.

"ஒரு சுத்தும் இல்லப்பா."

அவன் துண்டைக் குழந்தையிடமிருந்து எடுத்து, நாலாக மடித்து, சட்டைப்பைக்குள் திணித்தான். பாதிக்கு மேல் வெளியே தொங்கியது. பிறகு தன் இடத்துக்குப் போய் மீனைச் சாப்பிட்டான்.

நான் ஒன்று சொல்ல வேண்டும். வால்கிரான்ஸ் பண்ணையில் அந்த நாளில் கூலியோடு சேர்த்து ஒயினும் கொடுப்பார்கள். காலை ஏழு மணிக்கு முதல் கோப்பை, அப்புறம் வெயில் சாயும் வரை நாலு. பீப்பாயிலிருந்து தகரக் கோப்பையில் மொண்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தவன் நான். வயிற்றோடு வரிசையில் நின்ற தம்பி மனைவிக்கு, ரெண்டு பேருக்குக் குடிக்கணும் இல்லையா என்று சிரித்துக்கொண்டே கால் கோப்பை கூடவே ஊற்றியிருக்கிறேன். அன்று மேஜையில் அவள் என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பன் நன்றாக இருந்தது என்று மூப்பர் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஊருக்குள் அது பரவ இரண்டு நாள் ஆகவில்லை. தன்னைப் பற்றிச் சொன்னவள் நாளைக்கு நம்மைப் பற்றியும் சொல்வாள் என்று பெண்கள் நினைத்தார்கள். மினிபஸ்ஸில் அம்மாக்கள் குழந்தையைக் கோபாவிடம் நீட்டுவதை நிறுத்திக்கொண்டார்கள். "நானே ஆட்டிக்கறேன், நீங்க உக்காருங்க" என்பார்கள். குழந்தைகள் மெஷினில் அலறின. அவள் சம்பளத்துக்காக, வெளியே நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை லேனி வந்தாள். நான் கோபாவின் வீட்டு வாசலில் கொட்டகைக் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை.

"உங்களுக்கு லேசா இருந்துச்சு" என்றாள் கோபாவிடம். "உங்க மகன் முப்பது வயசு ஆளு. அவனை யாரும் தூக்கிட்டுப் போகப் போறதில்ல. நான் சொன்னா என் பிள்ளையை எடுத்துட்டுப் போயிட்டா?"

"எடுக்க மாட்டாங்கன்னுதான் டாக்டர் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குத் தெரியல லேனி. என்னால உறுதி குடுக்க முடியாது. கூட வந்து நிக்கத்தான் முடியும்."

"பொய்யாவது சொல்லக் கூடாதா?"

"அதைத்தானே இவ்வளவு நாளா செஞ்சேன்."

லேனி குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். ஷெவோன் வில்லாக வளைந்தது. கோபா தொண்டைக்குள் உறும ஆரம்பித்தாள், ட்ர்ர், டக் டக் டக்.

மறுநாள் புதன்கிழமை. இருவரும் க்ளினிக்குக்குப் போனார்கள். லேனி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், எந்த மாதம், எந்தப் பாட்டில் என்பது வரை. கோபாவும், உறவுக் குழந்தை என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், லேனி குடித்ததைக் கண்ணால் பார்த்திருந்தும் சொல்லாமல் குழந்தையைக் கையில் வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டாள். டாக்டர் ஸ்டெய்ன் கோபப்படவில்லை என்று கேள்வி. ரொம்ப நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ரோசெலிடம் ஒருத்தி பொய் சொன்னாள் என்றால் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள், அந்தச் சுத்தமான வரிசையில் யாரெல்லாம் சுத்தம், ஒன்பது வருஷத்து அளவையெல்லாம் என்ன செய்வது. இப்போது கேள்வி கேட்க வேறு ஊர்ப் பெண்கள் வருகிறார்கள். ரோசெல் எங்கள் யாருடனும் பேசுவதில்லை. பாட்டுக்குழுவில் லேனிக்கு ஆறு பேர் தள்ளி நிற்கிறாள்.

குழந்தை நல அதிகாரி அம்மா இரண்டு தடவை வந்து போனாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள், குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள், மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். தெருவில் கார் நின்றால் லேனி இன்னும் திடுக்கிட்டுத்தான் பார்க்கிறாள். மூப்பர் ஆறு வாரம் மகன் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்து, யாரிடமும் பேசாமல், வகுப்பில் சொன்னபடி தரையில் பாய் விரித்து ஷெவோனை உருட்டி விளையாடிவிட்டுப் போனார். அவள் பதின்மூன்றாம் மாதம் உட்கார்ந்தாள். வகுப்பால் உட்கார்ந்தாளா, அவளாகவே உட்கார்ந்தாளா என்று எனக்குத் தெரியாது. படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அதே படம்தான், வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது.

சாக்கிக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. பெரிய வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலையிலேயே பச்சைத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். கடைக்காரனிடம், பஸ் நிறுத்தத்தில், சர்ச் வாசலில், யார் கேட்டாலும் அதேதான். மூணு சுத்து, நீலமா இருந்தேன். கோபா பக்கத்தில் இருந்தால் ஒரு தடவையும் விடுவதில்லை.

"இல்லப்பா. கொடி சுத்தல. உன்னை வயித்துல வெச்சுக்கிட்டு நான் குடிச்சேன்."

ஒவ்வொரு தடவையும் அவனுக்கு அது புதுச் செய்தி. முகம் சுருங்கும். "நீயாம்மா?" என்பான். "நான்தான்" என்பாள். கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்ப்பார்கள். சாயங்காலத்துக்குள் அவனுக்கு மறந்துபோகும்.

போன வாரம் நான் பொறுக்காமல் கேட்டேன். "விட்டுடேன் கோபா. அவனுக்கு அந்தக் கொடியாவது இருந்துட்டுப் போகட்டும்."

"முப்பத்தொரு வருஷம் அதைச் சொல்லிக் குடுத்தேன் அண்ணா. இதையும் அவ்வளவு நாள் சொல்லிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாக்கி படியில் உட்கார்ந்து துண்டின் நுனியில் பிரிந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முட்டி வலித்தது.

"சாக்கி, அந்தக் கோப்பையை ஊத்திக் குடுத்தது நான்தான்டா."

"எந்தக் கோப்பை, பெரியப்பா?"

முதலிலிருந்து சொன்னேன். பீப்பாய், தகரக் கோப்பை, காலை ஏழு மணி, நான் சிரித்தது. அவன் வாயைத் திறந்தபடி கேட்டான். முடித்ததும் என்னை உற்றுப் பார்த்தான், "ஓ" என்றான், தள்ளி உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, குளிருது என்று துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, என் பக்கமே நகர்ந்து வந்தான்.

மறுநாள் காலையில் என்னைப் பார்த்ததும் பழையபடி சிரித்தான். அதனால் மறுபடியும் சொன்னேன்.